குழாய்க்குள் போன சாரம்

எரிவாயு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. கையில் தொலைபேசி, இடுப்பில் காற்றின் நஞ்சை அளக்கும் சின்ன மீற்றர், வீட்டுக்கு வீடு சுவரில் நச்சுக் காற்று வந்தால் கத்துவதற்கு ஒரு அலாரம். நாங்கள் வேலை பழகிய காலத்தில் வீடுகளில் கத்துவதற்கு வீட்டுக்கார அன்ரி மட்டும்தான் இருந்தார். அவரும் வேறு காரணங்களுக்காகத்தான் கத்தினார்.

பாதுகாப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். புத்தகத்தில் இருப்பதை நான் எழுதப்போவதில்லை. அது புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் வாசிக்காமல் விட்டதற்கு நான் பொறுப்பில்லை. நான் எழுதப்போவது ஒரு சாரத்தைப் பற்றி, லுங்கி என்பார்களே, அது. நீலச் சதுரம் போட்டது, கிழிந்த கரையைச் சிவப்பு நூலால் கோணல்மாணலாகத் தைத்தது. தையல் என்னுடையது. கோணலும் என்னுடையதுதான்.

வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இருக்கிற அறைக்குள் வெளியிலிருந்து ஒரு தகரக் குழாய் வருவது உங்களுக்குத் தெரியும். நெருப்பு மூச்சுவிடுவதற்கான காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. அந்தக் காற்று குளிர்ந்த காற்று என்பதுதான் அதன் குற்றம். இந்தக் குழாய்க்குள் இருந்து என் காலத்தில் நான் வெளியே இழுத்த சாமான்களை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். தலையணை, அரிசிச் சாக்கு, ஒற்றைப் பனிச்சப்பாத்து, ஒரு வீட்டில் மடிப்புக் கலையாத முழுச் சீலை. எதை அடைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அந்த வீட்டில் யாருக்கு அதிகம் குளிர்கிறது என்று சொல்லிவிடுவேன். ஆனால் நான் அறிந்து ஒரு குழாய்க்குள் போன முதல் சாமான் என் சாரம். போட்டவன் நான்.

தொண்ணூறாம் ஆண்டு நான் கனடாவின் ரொறன்ரோவுக்கு வந்து ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ரில் குடியிருந்தேன். எங்கள் பெடியன்கள் மூன்று பேர். மேலே வீட்டுக்கார அங்கிளும் அன்ரியும் பிள்ளைகளும். அங்கிள் நல்ல மனிதர், எனக்கு முதல் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர். வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவர்ப்பெட்டியை மட்டும் இன்னொரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். திறப்பை அரைஞாணில் கட்டியிருக்கிறார் என்று நாங்கள் கீழே பேசிக்கொள்வோம். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

என் மெத்தை ஃபேர்னஸ் அறையின் கதவோரம் கிடந்தது. குழாயிலிருந்து குளிர் இறங்கி நேரே என் காலைத் தேடி வரும். வீட்டைச் சூடாக்க ஒரு மெசினை வைத்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே குளிர் வர ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறானே கனடாக்காரன் என்று மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு நான் சாரத்தைச் சுருட்டினேன். குழாயின் வாயில் செருகினால் அங்கிள் கண்டுவிடுவார். அதனால் விளக்குமாற்றுத் தடியால் குழாய் வளையும் இடம் வரைக்கும் இடித்துத் தள்ளினேன். வெளியில் பார்த்தால் குழாய் திறந்தே இருந்தது. குளிர் நின்றது. அன்றிலிருந்து நான்தான் அந்த பேஸ்மென்ரின் விஞ்ஞானி.

அந்தக் குளிர்காலம் எனக்கு அடிக்கடி தலையிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரி மேலே சின்ன ஃபானைப் போட்டு மீன் பொரிக்கும் நேரம் அதிகமாக இடித்தது. பொரியல் வாசம் வந்தால் ஊர் நினைவு வருகிறது, ஊர் நினைவு வந்தால் தலையிடிக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு அப்படியே கடிதமும் எழுதினேன். அம்மா அதைப் படித்து அழுதாராம்.

இரண்டு வருடத்தில் வேறு இடம் மாறினேன். அங்கிளே அலைந்து விசாரித்து என்னை எரிவாயு வேலைப் படிப்பில் சேர்த்துவிட்டார். ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர் பலகையில் ஒரு வீட்டைக் கீறினார், ஃபேர்னஸைக் கீறினார், பக்கத்தில் அந்தக் குழாயைக் கீறினார். நெருப்புக்குக் காற்றுப் போதாவிட்டால் காஸ் அரைகுறையாக எரியும், அதிலிருந்து காபன் மொனொக்சைட் வரும், அதற்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, இரத்தம் பிராணவாயுவை விட்டுவிட்டு அதைத்தான் ஆசையாகப் பிடித்துக்கொள்ளும் என்றார். முதலில் தலையிடிக்கும், பிறகு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், பிறகு நித்திரை வரும், பிறகு நித்திரை முடியாது என்றார். பின்வரிசையில் இருந்த எனக்கு என் சாரம் ஞாபகம் வந்தது.

அடுத்த நாளே போய் அதை இழுத்திருக்க வேண்டும். நான் போகவில்லை. அங்கிள் கோயிலில் காண்கிற எல்லாரிடமும், "எங்கட வீட்டில இருந்த பெடியன், இப்ப காஸ் என்ஜினியருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், உங்கள் வீட்டு மூச்சுக்குழாயை அடைத்தவன் நான்தான் என்று எப்படிச் சொல்வது? வெட்கம். இதற்குள் யாராவது கண்டு எடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். வீட்டில் எல்லாரும் உயிரோடுதானே இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அவர்கள் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அந்த வீட்டின் பழைய ஜன்னல்கள். காற்றடித்தால் கடகடவென்று ஆடும். அந்த இடுக்குகளால் நெருப்புக்கு வேண்டிய காற்று எப்படியோ வந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, அங்கிள் தொலைபேசி எடுத்தார். அப்போது நான் லைசென்ஸ் எடுத்து வேலையில் இருந்தேன்.

"தம்பி, கீழ இருக்கிற பிள்ளைக்கு ஒரே தலையிடியாம். ஃபேர்னஸை ஒருக்கால் வந்து பார். வெளியாளைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. நீ எங்கட பெடியன்."

போனேன். வாசலிலேயே அங்கிள் மெழுகுதிரியோடு நின்றார். ஃபேர்னஸைப் பார்க்க முதல் அவருடைய புது ஜன்னல்களைப் பார்க்க வேண்டுமாம். மெழுகுதிரியைக் கொளுத்தி ஜன்னலோரம் பிடித்தார்.

"பார், சுடர் அசையுதோ? ஒரு ஊசிக்கும் காத்து வராது."

அன்ரி விடவில்லை. அவருடைய புது எக்ஸோஸ்ற் ஃபானையும் நான் பார்க்க வேண்டும். மூடிப்போன சாப்பாட்டுக்கடையில் இருந்து கழற்றி வந்தது. போட்டால் எதிர்ச்சுவரில் தொங்கும் கலண்டரின் தாள்கள் எழும்பி நிற்குமாம்.

"பொரியல் வாசம் கோட்டில பிடிச்சால் பிள்ளையள் பள்ளிக்கூடத்துக்குப் போட வெக்கப்படுதுகள். இப்ப பார், கோட்டுகளை ஒரு அறையில போட்டுப் பூட்டிப்போட்டு ஃபானை விட்டால் ஒரு மணமும் இல்லை" என்றார் அன்ரி.

காற்று வர வழி இல்லாத வீடு. காற்றை வெளியே இழுக்கும் பெரிய ஃபான். கீழே ஒரு நெருப்பு. இவ்வளவையும் கேட்டும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. தேத்தண்ணி வந்தது, வாய்ப்பன் வந்தது. மகளின் கலியாணம் அடுத்த கிழமை என்ற செய்தி வந்தது. எனக்கு மரியாதை செய்வதற்காக அன்ரி சமையலை நிறுத்தி, ஃபானையும் நிறுத்திவிட்டு வந்து என்னோடு இருந்தார்.

பேஸ்மென்ரில் சுகந்தி என்ற பிள்ளையும் அவளுடைய கணவன் ரவியும் இருந்தார்கள். ரவி காலையில் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையிலும் பின்னேரம் ஒரு கோப்பிக் கடையிலும் வேலை. சுகந்திக்கு ஏழு மாதம். நாள் முழுக்க அவள் கீழேதான். தலையிடி, சத்தி, எந்நேரமும் நித்திரை. டாக்குத்தரிடம் போனால் கர்ப்பிணிகளுக்கு வருவதுதான் என்றாராம்.

அன்ரி என் காதுக்குள் சொன்னார்: "நானும் மூண்டு பெத்தனான் தம்பி. உவ்வளவு ஆட்டம் ஆடேல்லை. மிசிசாகாவில தமக்கை வீட்டை போய் நிண்டால் உவாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. என்ர வீட்டுக்கு வந்தால் மட்டும் தலையிடி."

அந்த ஒரு வசனத்தில் விடை முழுவதும் இருந்தது. நான் அதைக் குடும்பக் கதை என்று நினைத்துச் சிரித்தேன்.

கீழே போய் மீற்றரைப் பிடித்தேன். சத்தமில்லை. குழாயைக் கடைசிக்கு வைத்திருந்தேன். குனிந்தேன். வாய் திறந்து சுத்தமாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள்! எனக்கு வந்த நிம்மதியில் அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வாய் நான் அடைத்த நாளும் அப்படித்தான் திறந்திருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். முழங்கை வரை கையை விட்டிருந்தால் சிவப்புத் தையல் விரலில் பட்டிருக்கும். நான் கையை விடவில்லை. காண விருப்பமில்லாதவன் குனிந்தென்ன, படுத்துக்கிடந்து பார்த்தென்ன.

"ஒண்டுமில்லை அங்கிள். எல்லாம் நல்லா இருக்கு."

"நான் சொன்னனான் தானே!" என்றார் அன்ரி.

சுகந்தி கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். "அப்ப அண்ணை, இது எனக்கு மனசில வாற வருத்தமோ?"

"கொஞ்சம் வெளியில நடந்து திரியுங்கோ தங்கச்சி, சரியாப் போயிடும்" என்றேன். எவ்வளவு பெரிய மனிதத் தோரணை! தற்செயலாக நான் சொன்னது சரியான மருந்துதான். ஆனால் ஏன் என்று தெரியாமல் சொன்னேன். அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் மேல் கோபம் வருகிறது.

மறுநாள் சனிக்கிழமை காலை பட்டறையில் முதலாளியிடம் அறிக்கையைக் கொடுத்தேன். அவர் கிழக்குக் கரைத் தீவு ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர். ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசுவார், அதில் நாலு வானிலை பற்றியது. அறிக்கையை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"நீ போனபோது வீட்டில் இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?"

"எனக்குத் தேநீர் தந்தார்கள்."

"அந்தப் பெண் நோயாகும்போதும் அவர்கள் உனக்குத் தேநீர் தந்துகொண்டா இருக்கிறார்கள்?"

அறிக்கையை மடித்து என் பக்கம் தள்ளினார்.

"அவள் எங்கே போனால் சுகமாகிறாள்?"

மிசிசாகா என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஃபான், ஜன்னல், மீன் பொரித்த ஞாயிற்றுக்கிழமைகள், என் தலையிடி எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மேலே ஃபான் காற்றை இழுக்கிறது. வேறு வழியால் காற்று வர முடியாததால், புகைபோக்கியால் மேலே போக வேண்டிய புகையைக் கீழே இழுத்து வீட்டுக்குள் விடுகிறது. சமைக்காத நேரம் போய்ப் பார்த்தால் மீற்றர் எப்படிக் கத்தும்? தொலைபேசியைப் பிடுங்காத குறையாக எடுத்து அங்கிள் வீட்டுக்கு அடித்தேன்.

"இண்டைக்கு வராதை தம்பி," என்றார் அன்ரி. பின்னால் சனக்கூட்டத்தின் சத்தம். "கலியாணப் பலகாரச் சூடு. ஒன்பது பேர் வந்து நிக்கினம். விடியவே அடுப்பில எண்ணெய்த் தாச்சி வைச்சிட்டம்."

"அன்ரி, ஃபான் ஓடுதோ?"

"பின்னை? ஃபுல்லில விட்டிருக்கு."

"சுகந்தி எங்க?"

"கீழ படுத்திருக்கிறா. உதவிக்குக் கூப்பிட்டனான், எழும்பேல்லை."

"அவவை எழுப்பி உடனே வெளியில..."

"ஐயோ, எண்ணெய் பொங்குது, பிறகு கதை!" வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஃபான் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

முதலாளி தீயணைப்புப் படைக்கு அடிக்க, நான் பட்டறையின் வான் வண்டியை எடுத்தேன். பத்து நிமிடத் தூரம். ஆறு நிமிடத்தில் போனேன். எப்படி என்று கேட்காதீர்கள்.

உள்ளே ஒன்பது அன்ரிமார் சீலையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். மேசையில் முறுக்கு மலை, பக்கத்தில் பயற்றம் பணியாரம், சிப்பி, அரியதரம். ஃபான் விமானம் போல் இரைந்தது. ஒருவர் சிரித்தபடி எனக்கு ஒரு முறுக்கை நீட்டினார். நான் ஃபானை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, "அடுப்பை நிப்பாட்டுங்கோ! எல்லாரும் வெளியில போங்கோ!" என்று கத்தினேன்.

"தாச்சியில கிடக்கிறது கருகிப்போகும்!" என்றார் அன்ரி.

அங்கிள் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "தம்பி, மாப்பிள்ளை பகுதிக்கு நாளைக்குப் பலகாரம் போகவேணும். இன்னும் ரெண்டு தாச்சிதான். பிறகு நீ என்ன எண்டாலும் செய்."

அந்த மனிதருக்கு முன்னால் நான் கதிரையில் இருந்து பேசினதுகூட இல்லை. எனக்குக் குளிர்ச்சட்டை வாங்கித் தந்தவர், தொழில் காட்டியவர். அவருடைய முகத்துக்கு நேரே கத்தினேன்.

"அங்கிள், கீழ அந்தப் பிள்ளை சாகப்போகுது!"

கையை விட்டார். எனக்குப் பின்னால் அவரும் படியிறங்கினார். பாதிப் படியிலேயே மீற்றர் கத்தத் தொடங்கியது. சுகந்தி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தாள், மூடினாள். தோளை நானும் காலை அங்கிளுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காஸ் குழாயைக் குறட்டால் திருகிப் பூட்டினேன்.

வெளியே நின்ற அன்ரி வீட்டுக்குள் திரும்பி ஓடினார். போகாதையுங்கோ என்று நான் கத்தக் கத்தப் போய், அந்தப் பூட்டின அறையில் இருந்த கோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தார். பொரியல் வாசம் படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்த அத்தனை கோட்டையும் எண்ணெய்க் கையோடு சுகந்தி மேல் போட்டுச் சுற்றினார். "கண்ணைத் திற பிள்ளை, நான் உன்னை ஆட்டக்காரி எண்டு சொன்னனான், கண்ணைத் திற" என்று அழுதார்.

தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள் சுகந்தியின் முகத்தில் பிராணவாயு மூடியை வைத்தார்கள். அம்புலன்ஸ் அவளைக் கொண்டுபோனது. தீயணைப்புக்காரர்கள் வீடு முழுக்க அளந்துவிட்டு வெளியே வந்தபோது, சீலையும் பாத்றூம் செருப்புமாகப் பனியில் ஒன்பது அன்ரிமார் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் கையில் முறுக்குத் தட்டம். உயிர் தப்பி ஓடும்போதும் அதை விடவில்லை. தீயணைப்புக்காரர்களுக்கும் கொடுத்தார். ஒருவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்.

பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல செய்தி வந்தது. சுகந்தி எழும்பிக் கதைக்கிறாள், பிள்ளையின் இதயம் ஒழுங்காக அடிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் அங்கே படுத்திருந்தால் என்று டாக்குத்தர் தொடங்கி, ரவியின் முகத்தைப் பார்த்துவிட்டு வசனத்தை முடிக்காமல் விட்டாராம்.

ரவி அவளுக்கு உடுப்பு எடுக்க வந்திருந்தான். எல்லா ஜன்னலும் திறந்து கிடந்த வீட்டின் ஃபேர்னஸ் அறையில் எல்லாரும் கோட்டோடு நின்றோம். குழாயால் காற்று வரவில்லை, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று நான் சொன்னேன். அங்கிள் ரவியைத் திரும்பிப் பார்த்தார்.

"குளிருது குளிருது எண்டு வந்து நிண்டது நீதானே? உந்தக் குழாயை அடைச்சது நீதானே? இண்டைக்கு என்ர வீட்டில எத்தினை சீவன் போயிருக்கும்? இனி உங்களை வைச்சிருக்க எனக்குப் பயமாக் கிடக்கு. வேற இடம் பாருங்கோ."

"நான் தொடேல்லை அங்கிள்," என்றான் ரவி. பிறகு அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "சுகந்திதான் குளிருக்கு ஏதும்..." என்று இழுத்தான்.

அப்போது நான் முழங்காலில் இருந்தேன். என் கை முழங்கை வரை குழாய்க்குள் இருந்தது. விரலில் துணி பட்டது. தையலும் பட்டது.

பிள்ளைகளே, தொழிலில் நெருக்கடி என்றால் மீற்றர் கத்துவது என்று நினைப்பீர்கள். அது கத்தினால் நாங்கள் ஓடுவோம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது? எனக்கு நெருக்கடி அந்த நிமிடம்தான். கருவிப் பை பக்கத்தில் திறந்து கிடந்தது. சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, பழைய துணி ஒன்று என்று சொன்னால் முடிந்தது. அங்கிளுக்கு நான் என்ஜினியர். லைசென்ஸ் பத்திரமாக இருக்கும். போவது ரவியின் பெயர் மட்டும்தான். அவன் வந்து ஒரு வருடமும் ஆகாதவன், எதிர்த்துப் பேசமாட்டான். இது எல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை.

இழுத்தேன். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஆறு வருடத் தூசியோடு முழுச் சாரமும் நிலத்தில் விழுந்தது.

அங்கிள் அதை இரண்டு விரலால் தூக்கி ரவியின் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது ஆரின்ர?"

"என்ர சாரம், அங்கிள்," என்றேன் நான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரவி உடுப்புப் பையைக் கீழே வைத்தான்.

"நான் இஞ்ச இருக்கேக்க அடைச்சனான். விளக்குமாத்தால இடிச்சது. படிக்கப் போன பிறகு பிழை எண்டு தெரியும். வந்து சொல்ல வெக்கமா இருந்தது."

அங்கிள் சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப நேற்று வந்து என்னத்தைப் பாத்தனீ?"

"தேத்தண்ணியைத்தான் அங்கிள்."

அவர் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த இடைவெளியில் ரவி மெதுவாகச் சொன்னான்: "அங்கிள், உந்தச் சூட்டுப்பெட்டியைப் பூட்டாமல் விட்டிருந்தால் அண்ணை ஏன் குழாயை அடைக்கிறார்?"

அங்கிள் படியேறிப் போனார். நாங்களும் பின்னால் போனோம். காற்சட்டைப் பையில் இருந்து திறப்பை எடுத்து, கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, பூட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அரைஞாணில் இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. காஸ் பூட்டிக் கிடந்த வீட்டில் யார் எவ்வளவு சூட்டைக் கூட்டினாலும் காசு போகாது என்பதால் துணிந்து திறந்தாரோ என்றும் எனக்கு ஒரு எண்ணம். ஆனால் அந்தப் பூட்டு பிறகு திரும்பி வரவில்லை. ரவியிடம், "நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம்" என்றார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை. அவருக்கு அது பழக்கமில்லை.

திங்கட்கிழமை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போகும் என்ற நினைப்போடு. அவர் ஒன்றுதான் கேட்டார்.

"நீயாகவா சொன்னாய்?"

"ஓம்."

"அந்தத் துணியைத் தோய்த்து வானில் வை. இந்தக் குளிர்காலம் முடியும்வரை, எந்த வீட்டுக்குப் போனாலும் கருவிப் பையைத் திறக்க முதல் அதைக் காட்டு. யாருடையது என்றும் சொல்."

வெட்கக்கேடான தண்டனை என்று நினைத்தேன். முதல் வீட்டில் சாரத்தை விரித்துக் கதையைச் சொன்னேன். வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நெளிந்தார். பிறகு, "தம்பி, எங்கட குழாய்க்குள்ளயும் ஒரு தலையணை கிடக்கு" என்றார். அடுத்த வீட்டில் அரிசிச் சாக்கு. ஒன்றுமே இல்லை என்று சாதித்த ஒரு அன்ரி, நான் வானில் ஏறிய பிறகு ஓடிவந்து அந்தச் சீலையைப் பற்றிச் சொன்னார். பிழைவிடாதவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. மீற்றர் கண்டுபிடிக்காததை அந்தச் சாரம் கண்டுபிடித்தது.

எனக்கும் ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தது. முதல் குளிர்காலத்தில் ஊர் நினைவு என்று அம்மாவுக்கு எழுதினேனே, அந்த ஏக்கத்தில் பாதி காபன் மொனொக்சைட். அம்மாவின் கண்ணீரிலும் பாதியை நான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிரசங்கம் என்று நினைக்காதீர்கள். புகையை வீட்டுக்குள் விடாமல் கூரைக்கு மேலே அனுப்பிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது என்று நான் நெடுங்காலம் நினைத்தேன். கடுங்குளிர்க் காலையில் ஸ்காபரோவின் ஒவ்வொரு கூரையிலும் வெள்ளைப் புகை நிற்கும். கோடையில் நெடுஞ்சாலை வாகனப் புகையால் வானம் மண்ணிறமாகி, மூச்சிழுக்கும் முட்டு வருத்தக்காரர் வெளியே வரவேண்டாம் என்று ரேடியோவில் சொல்வார்கள். வெளியே அனுப்பினோம், சரி. வெளியே என்பது யாருடைய வீடு? வானத்துக்குப் பின்கதவு இல்லை, திறந்துவிடுவதற்கு. காஸ் இல்லாமல் வீட்டைச் சூடாக்கும் மெசின்களை இப்போது நீங்கள் பொருத்தப் பழகுகிறீர்கள். என் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்களே, நல்லாய் இருங்கள்.

சுகந்திக்குப் பங்குனியில் பெண் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அதே வீட்டில் சாப்பாடு வைத்தார்கள். சித்திரைக் குளிர். மேலே அன்ரி வடை சுட்டார், ஃபான் இரைந்தது, அதற்கு நேரே ஒரு ஜன்னல் நாலு விரல் அளவு திறந்திருந்தது. பிள்ளை என் மடியில் கிடந்து, வீட்டுக் காற்று முழுவதும் தனக்குத்தான் என்ற மாதிரி வாயைத் திறந்து கத்தியது.

எல்லாரும் இருக்கும்போது அங்கிள் என் கையில் ஒரு பார்சலைத் தந்தார். புதுச் சாரம். தேடிப் பிடித்து அதே நீலச் சதுரம் வாங்கியிருந்தார்.

"தம்பி," என்றார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "இது இடுப்பில கட்டுறது. விளங்குதோ?"

வீடே சிரித்தது. சுகந்திதான் எல்லாரிலும் கூடச் சிரித்தாள். நான் காற்சட்டைக்கு மேலேயே அதைக் கட்டிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் கீழே போனேன். ஃபேர்னஸ் அறையில் முழங்காலில் இருந்து, குழாய்க்குள் கையை விட்டேன். இந்தத் தரம் தோள்மூட்டு வரைக்கும் விட்டேன். பனிக்காற்று என் உள்ளங்கையில் சுள்ளென்று அடித்தது.